கிடைத்ததைக் கொண்டு திருத்துதல்: ஓர் அறவியல் நோக்கு

அறவியல் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கொலை, களவு, பொய், போர், தண்டனை ஆகிய பெரும் பொருள்களையே எடுத்துக்கொள்கின்றன. அன்றாட வாழ்விலே மனிதர் கைகள் செய்யும் சிறு வேலைகள் அவ்வாராய்ச்சியின் எல்லைக்குள் அரிதாகவே வருகின்றன. பழுதாகிப்போன வீட்டுக் கருவியொன்றை, உரிய உதிரிப்பாகம் இன்றி, கையிற் கிடைத்த பொருளைக் கொண்டு குறைந்த செலவில் மீண்டும் இயங்கச் செய்தல் அத்தகைய வேலைகளுள் ஒன்றாகும். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய வளையம் ஒலிப்பதிவுக் கருவியின் பட்டியாகின்றது. நூல் முடிந்த நூற்கட்டை கேத்தல் மூடியின் பிடியாகின்றது. பால்மா ரின்னின் தகடு மின்விசிறியின் உடைந்த தாங்கியைப் பிணைக்கின்றது. இவ்வேலை சிக்கனத்தின் பாற்பட்டதா, தொழினுட்பத்தின் பாற்பட்டதா, அன்றி அறத்தின் பாற்பட்டதா என்பது வினா. இம்மூன்றுக்கும் அதில் இடமுண்டு. எனினும் ஒருவர் மற்றொருவருக்குச் செய்ய வேண்டிய கடமை யாது என்னும் வினாவை இச்சிறு வேலை கூர்மையாக எழுப்புகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இத்தகைய திருத்த வேலை பற்றி நம்மிடையே இரு மனப்பாங்குகள் நிலவுகின்றன. ஒன்று, அதனை ஏளனஞ் செய்வது. ‘ஒட்டுவேலை’ என்ற சொல்லிலேயே அவ்வேளனம் தொனிக்கும். புதியது வாங்க வழியற்றவன் செய்யும் வேலை அது என்பதே அதன் உட்பொருள். மற்றையது, அதனைப் போற்றுவது. வீண்விரயத்தைத் தவிர்க்கும் சிக்கனம், எதையும் எதனாலும் ஈடுசெய்யும் மதிநுட்பம், நுகர்வுப் பண்பாட்டுக்கு எதிரான எளிமை என்றெல்லாம் அது புகழப்படுகின்றது. சுற்றுச்சூழல் பற்றிய கவலை பெருகியுள்ள இந்நாளில் இரண்டாவது மனப்பாங்கே கற்றோரிடையே செல்வாக்குப் பெற்றுள்ளது. ஆயினும் இவ்விரண்டும் ஒரே குறைபாடுடையன. இரண்டும் திருத்துபவனையும் பொருளையும் மாத்திரமே நோக்குகின்றன. திருத்தப்பட்ட பொருளை நாளை கையாளப்போகின்றவர் யார் என்று இரண்டுமே கேட்பதில்லை.

இவ்வினாவுக்குச் செல்லுமுன்னர், இத்தகைய திருத்தம் எச்சூழலில் தோன்றுகின்றது என்பதை நோக்குதல் தகும். அது ஓரினத்தின் பிறவிக்குணமன்று. சமூகப் பொருளாதார நிலைமைகளின் விளைவு. இலங்கையில் 1970 முதல் 1977 வரையிலான காலப்பகுதியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாகவே, பழுதான பொருளை எறிதல் என்ற எண்ணத்துக்கே இடமிருக்கவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டபின் அந்நிலை தளர்ந்தது. ஆனால் 1990இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். பெற்றோல் இயந்திரங்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்து, சிறு திரி பொருத்திய விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. பின்னர் 2022இல், நாடு முழுவதும் டொலர்த் தட்டுப்பாட்டினாலும் நீண்ட மின்வெட்டுகளாலும் அல்லலுற்றபோது, திருத்துமிடங்களுக்கு மீண்டும் தேவை மிகுந்தது.

இவ்வரலாற்றை நினைவுகூர்வது அதற்கு ஒளிவட்டம் சூட்டுவதற்கன்று. இல்லாமை கற்பித்த திறமையைப் பாராட்டும்போது இல்லாமையையே பாராட்டிவிடும் அபாயம் உண்டு. மண்ணெண்ணெய்ப் புகையைச் சுவாசித்தவர்கள் அதனை விரும்பிச் சுவாசிக்கவில்லை. ஆயினும் அத்திறமையில் உண்மையான அறிவொன்று அடங்கியிருந்தது என்பதை மறுத்தலும் பொருந்தாது.

அவ்வறிவின் இயல்பு யாது? ஜேர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர் 1927இல் வெளிவந்த ‘இருப்பும் காலமும்’ என்ற நூலில், கருவியொன்று செவ்வனே இயங்குங்கால் அது நம் கவனத்துக்கு வருவதில்லை என்றும், பழுதுறும்போதே அது ஒரு பொருளாக நம் முன் நிற்கின்றது என்றும் விளக்கினார். மின்விசிறி சுழலும்போது நாம் காற்றை உணர்கின்றோம், விசிறியை உணர்வதில்லை. அது நின்றதும் அதன் தகடு, தாங்கி, சுருள், ஆளி யாவும் தனித்தனியே தெரியத் தொடங்குகின்றன. பிரெஞ்சு மானிடவியலாளர் குளோட் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் எழுதிய நூலொன்றில், பொறியியலாளரையும் கிடைத்ததைக் கொண்டு ஆக்கும் கைவினையாளரையும் வேறுபடுத்திக் காட்டினார். பொறியியலாளர் திட்டத்தை முதலில் வகுத்து அதற்கேற்ற பொருள்களைத் தேடுவார். கைவினையாளரோ முன்னரே சேர்ந்து கிடக்கும் எச்சமிச்சங்களை நோக்கி, இவற்றால் யாது செய்யலாம் என்று வினவுவார். பின்னவருடைய சிந்தனை முன்னவருடையதினும் தாழ்ந்ததன்று. அது வேறு வகையானது என்பதே அவர் கருத்து.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சைக்கிள் ரியூப்பின் வளையத்தை ஒலிப்பதிவுக் கருவியின் பட்டியாக இடுபவர், “அது செய்த வேலையை இதுவுஞ் செய்யும்” என்று ஒரு தீர்ப்பு வழங்குகின்றார். ஒவ்வோர் ஈட்டுப் பொருளும் அத்தகைய தீர்ப்பொன்றை உள்ளடக்கியுள்ளது. ஆகவே திருத்த வேலையின் அறவியல், அத்தீர்ப்பு எப்போது உண்மையாகும், எப்போது பொய்யாகும் என்பதிலே தங்கியுள்ளது.

இதனை விளக்குதற்கு நம் வீடுகளிலும் மாணவர் அறைகளிலும் இன்று பரவலாகக் காணப்படும் றைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். சாதாரண றைஸ் குக்கரின் பாத்திரத்துக்கு அடியில், வெப்பத்தை உணரும் காந்த அமைப்பொன்று உண்டு. பாத்திரத்தில் நீர் உள்ளவரை வெப்பநிலை 100 பாகை செல்சியசை அண்டியே நிற்கும். அரிசி நீரை உறிஞ்சி முடிந்ததும் அடிப்பாகத்தின் வெப்பநிலை அதற்கு மேல் ஏறும். அப்போது அக்காந்த அமைப்பிலுள்ள உலோகக் கலவை தன் காந்தத்தன்மையை இழக்க, வில் விடுபட்டு ஆளி கீழே விழும். சமைத்தல் நின்று சூடாக வைத்திருத்தல் தொடங்கும். இதுவே அதன் அன்றாட இயக்கம்.

இதற்கு மேலாக, மின்னோட்டம் செல்லும் பாதையில், சூடேற்றும் தட்டின் அருகே, வெப்ப உருகி என்னும் மிகச் சிறிய உறுப்பொன்றும் பொருத்தப்பட்டிருக்கும். அன்றாடச் சமையலில் அதற்கு வேலையே இல்லை. ஆளி ஒட்டிக்கொண்டோ காந்த அமைப்பு சிக்கிக்கொண்டோ வெப்பம் கட்டுமீறி ஏறுமாயின், குறித்த வெப்பநிலையில் அது உருகி மின்சுற்றைத் துண்டித்துவிடும். ஒருமுறை உருகினால் அது மீண்டும் இணையாது. அக்கணமே றைஸ் குக்கர் செயலற்றுப் போகும். உரியவர் அதனைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு செல்வார்.

இங்கேதான் அறவியல் வினா எழுகின்றது. திருத்துபவர் சோதித்துப் பார்க்கின்றார். சுற்று அறுந்திருப்பது அவ்வுருகியிலே என்று கண்டுகொள்கின்றார். அதே அளவுடைய உருகி கைவசம் இல்லை. அறுந்த இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகின்றார். றைஸ் குக்கர் உடனே சூடாகின்றது. அன்றிரவு சோறு முன்போலவே வேகின்றது, மறுநாளும் வேகின்றது, அடுத்த ஆண்டும் வேகக்கூடும். செலவோ மிகச் சொற்பம். உரியவருக்கும் மகிழ்ச்சி, திருத்தியவருக்கும் மகிழ்ச்சி. எந்தச் சோதனையினாலும் இத்திருத்தத்தில் குறை காண இயலாது. ஆயினும் “அது செய்த வேலையை இதுவுஞ் செய்யும்” என்ற தீர்ப்பு இங்கு பொய்யாகிவிட்டது. அவ்வுருகியின் வேலை மின்னோட்டத்தைக் கடத்துவதன்று. வேண்டிய வேளையில் கடத்த மறுப்பதே அதன் வேலை. கம்பி ஒருபோதும் மறுக்காது.

இதிலிருந்து கருவியின் உறுப்புகளை இரு வகைப்படுத்தலாம். வேலை செய்யும் உறுப்புகள் ஒரு வகை. காவல் செய்யும் உறுப்புகள் மற்றொரு வகை. சூடேற்றும் சுருள், சுழலும் தகடு, பிடி, மூடி, பட்டி ஆகியன முதல்வகையின. இவற்றில் ஒன்று இல்லாதுபோனால் அவ்வின்மை உடனே தெரியும். உருகி, புவித்தொடுப்புக் கம்பி, கம்பிகளைப் போர்த்திய காவலி, அமுக்கச் சட்டியின் பாதுகாப்பு வால்வு ஆகியன இரண்டாம் வகையின. இவை இல்லாதபோதும் கருவி நன்றாகவே இயங்கும். சில வேளைகளில் முன்னிலும் நன்றாக இயங்குவதுபோலத் தோன்றும். அடிக்கடி உருகிப்போகும் உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பி இழைகளை முறுக்கிக் கட்டிய வீட்டில், அதன்பின் ஒருநாளும் உருகி போவதில்லை அல்லவா? காவல் உறுப்பின் இன்மை, விபத்து நிகழும் நாளிலன்றி வெளிப்படுவதில்லை.

மேலும், காவல் உறுப்பு அறுந்துபோதல் பல வேளைகளில் வேறொரு பழுதின் சாட்சியமாகும். வெப்ப உருகி காரணமின்றி முதுமையால் அறுந்திருக்கவுங்கூடும்; ஆளி ஒட்டிக்கொண்டமையால் அறுந்திருக்கவுங்கூடும். எதனால் என்று ஆராயாமல் கம்பியால் இணைப்பவர் சாட்சியின் வாயை அடைத்தவராகின்றார்.

வேலை செய்யும் உறுப்புகளிலும் இவ்வபாயம் முற்றாக இல்லையென்று கூறுதற்கில்லை. 230 வோற்று மின்னில் 1000 உவாற்று வலுவில் இயங்கும் மின்னழுத்தியொன்றின் சுருள் அறுந்துவிட்டதெனக் கொள்வோம். எரிந்த பகுதியை நீக்கி, எஞ்சியதை இழுத்து முறுக்கி இணைக்கும் வழக்கம் உண்டு. சுருளின் நீளத்தில் பத்திலொரு பங்கு குறைந்தால் தடையும் அவ்வளவு குறையும்; வலு ஏறத்தாழ 1110 உவாற்றாக உயரும். அழுத்தி முன்னிலும் விரைவாகச் சூடேறுவதைக் கண்டு உரியவர் வியப்பார். முறுக்கிய இடமோ மற்றைய இடங்களிலும் கூடுதலாக வெந்து, சில காலத்தில் மீண்டும் அறும். எனினும் இப்பழுது தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்ளும் பழுது. அறுந்ததும் அழுத்தி குளிர்ந்துவிடும். புவித்தொடுப்பும் உருகியும் சரியாக இருப்பின் அறுந்த முனை உடலைத் தொட்டாலும் காவல் உண்டு. எனவே மோசமான ஒட்டுவேலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளச் செய்வது காவல் உறுப்பே. அதிலேயே ஒட்டுவேலை செய்தால் பொறுத்துக்கொள்ள எதுவும் எஞ்சுவதில்லை.

இனி, இவ்வபாயத்தைச் சுமப்பவர் யார் என்று நோக்குவோம். தன் பொருளைத் தானே திருத்தித் தானே பயன்படுத்துபவர், அபாயத்தை அறிந்து ஏற்றுக்கொண்டவர் என்று ஒருவாறு கூறலாம். ஆனால் வீட்டுக் கருவி பெரும்பாலும் ஒருவருடையதன்று. திருத்துவித்தவர் குடும்பத் தலைவராயிருக்கலாம். அதனருகே விளையாடுவது குழந்தை. ஈரக்கையோடு தொடுவது தாய் அல்லது வீட்டு வேலைக்கு வந்த பெண். அறையை விட்டுச் செல்லும் மாணவர் அதனை அடுத்த ஆண்டு வருபவருக்குக் கைமாற்றிவிடுகின்றார். இவர்களுள் எவரும் அக்கம்பித் துண்டைக் கண்டவரல்லர். அறியாத ஒருவர்மேல் அவர் சம்மதமின்றி அபாயத்தை ஏற்றுதல், அவரை மற்றொருவருடைய சிக்கனத்தின் கருவியாக்குவதாகும். மிச்சமாகிய பணம் ஒருவர் பையிலும் அதற்கான விலை வேறொருவர் உடலிலும் எழுதப்படுமாயின் அது சிக்கனமன்று.

இவ்விடத்து வலுவான மறுப்பொன்று எழும். “உரிய உதிரிப்பாகத்தை வாங்க வழியுள்ளவர்க்கே இவ்வறம் பொருந்தும். வழியற்றவர் யாது செய்வார்? றைஸ் குக்கரைக் கைவிட்டு விறகடுப்புக்குத் திரும்பினால் அங்கும் தீயும் புகையும் உண்டு. ஏழையின் முன் உள்ளவை பாதுகாப்பும் அபாயமுமல்ல, இரு அபாயங்களே. வசதியுள்ளோர் வகுத்த விதியை அவர்மேற் சுமத்துதல் நியாயமா?” என்பது அம்மறுப்பு. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தெரிவுகள் இன்றி வாழ்பவரை அவர் தெரிவுக்காகப் பழித்தல் அறமாகாது. ஆயினும் இம்மறுப்பு நிறுவுவது, தவறு முழுவதும் அவருடையதன்று என்பதையே; தவறே இல்லை என்பதையன்று. பொறுப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியுள்ளது.

பொறுப்பு இடம் மாறும்போது அதனை ஏற்பது எவ்வாறு என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மின்சாரம் எட்டாத இலங்கைக் குடிசைகளில், எறியப்பட்ட மருந்துப் போத்தல்களில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு விளக்காக்குவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. கிடைத்ததைக் கொண்டு ஆக்குதலுக்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. ஆனால் அப்போத்தல் உயரமும் ஒடுக்கமுமானது, கைபட்டதும் சரியும், மூடி கழலும், எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். எரிகாயமுற்றோருள் பெண்களும் குழந்தைகளும் பலர். அத்தகையோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் இதற்கு மாற்றொன்றைத் தேடினார். போத்தல் விளக்கை ஏற்றாதீர்கள் என்று உபதேசிப்பதோடு அவர் நிற்கவில்லை. ஏற்றாவிடின் அவர்களுக்கு இருளே எஞ்சும் என்பதை அறிந்திருந்தார். மாமைற் போத்தலின் குட்டையான, பருத்த வடிவத்தைக் கண்டு, அதனை அடியொற்றிப் புதிய விளக்கொன்றை வடிவமைத்தார். அது குட்டையானது, கனமானது, எளிதிற் சரியாது. சரிந்தாலும் உருளாதபடி இரு பக்கங்கள் தட்டையானவை. எண்ணெய் சிந்தாதபடி திருகி இறுக்கும் உலோக மூடி கொண்டது. கழிவுக் கண்ணாடியிலிருந்து மலிவாகச் செய்யத்தக்கது. இப்பணிக்காக அவருக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது.

இவ்விளக்கில் நாம் கற்கவேண்டியது யாதெனில், மலிவும் காவலும் இயல்பாகவே முரண்பட்டவையல்ல என்பதாகும். போத்தல் தட்டுப்படாது என்ற நம்பிக்கையில் அவ்விளக்கு அமைக்கப்படவில்லை. ‘இது நிச்சயம் ஒருநாள் சரியும், சரியும்போது யாது நிகழும்?’ என்ற வினாவிலிருந்தே அமைக்கப்பட்டது. திருத்துபவர் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய வினா இதுவே. ‘இது இயங்குமா?’ என்பது தொழினுட்ப வினா. ‘இது பழுதுறும்போது எவ்வாறு பழுதுறும், யாரருகில் பழுதுறும்?’ என்பது அறவியல் வினா.

இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டால் நல்ல ஒட்டுவேலைக்கும் தீய ஒட்டுவேலைக்கும் இடையே எல்லை வகுக்கலாம். நூற்கட்டைப் பிடி கழன்றால் மூடி விழும், அனைவரும் காண்பர். சைக்கிள் ரியூப் பட்டி தளர்ந்தால் பாட்டு இழுபடும், அனைவரும் கேட்பர். இவை வெளிப்படையாகத் தோற்கும் திருத்தங்கள். இவற்றைச் செய்பவர் ஏளனத்துக்கன்றி மதிப்புக்கே உரியவர். கம்பியால் இணைத்த வெப்ப உருகியோ வென்றுகொண்டிருப்பதுபோற் காட்டி, இறுதியில் ஒரேயடியாகத் தோற்கும். முன்னையது வறுமையிலும் நேர்மையானது. பின்னையது அழகாகச் செய்யப்பட்டிருப்பினும் பொய்யானது.

இதனின்று மூன்று கடமைகள் பெறப்படும். முதலாவது திருத்துபவருடையது. காவல் உறுப்பில் ஈடுசெய்யாதிருத்தல். ஏனைய உறுப்புகளில் ஈடுசெய்தால் அதனைச் சொல்லுதல். யாது மாற்றப்பட்டது என ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டுவதற்குச் செலவு எதுவுமில்லை. இரண்டாவது திருத்துவிப்பவருடையது. “எப்படியாவது ஓடினால் போதும்” என்று கேட்பவர், அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லுக்குள் அடங்கியவை யாவற்றுக்கும் உடந்தையாகின்றார். குறைந்த கூலியையும் விரைந்த வேலையையும் வற்புறுத்திவிட்டுத் தொழிலாளியை மாத்திரம் குற்றங் கூறுதல் நேர்மையன்று.

மூன்றாவது, பொருளை ஆக்குவோருடையதும் சமூகத்தினுடையதும் ஆகும். திருகாணிக்குப் பதிலாகத் தறையாணி அடித்து மூடப்பட்ட கருவி, சில ரூபாய் பெறுமதியான உருகிக்காக முழுப் பொருளையும் எறியச் செய்கின்றது. எறிய இயலாதவரைக் கம்பித் துண்டை நோக்கித் தள்ளுகின்றது. பொருளின் ஆயுளை இலாபத்துக்காகக் குறைத்தல் புதிதன்று. 1924இல் மின்குமிழ் உற்பத்தியாளர் பலர் ஜெனீவாவில் கூடிய ‘ஃபீபஸ்’ கூட்டமைப்பு, குமிழொன்றின் ஆயுளை 1000 மணித்தியாலங்களாக வரையறுத்து, அதனை மீறி நீடித்து எரியும் குமிழ்களைச் செய்த உறுப்பினர்மீது தண்டப்பணமும் விதித்தது. இதற்கு எதிர்த்திசையில், ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், சில வகை வீட்டுக் கருவிகளைத் திருத்திக் கொடுக்கும் கடப்பாட்டை உற்பத்தியாளர்மீது சுமத்தும் பணிப்புரையொன்றை நிறைவேற்றியது. இறக்குமதிக் கருவிகளையே நம்பியுள்ள நம்போன்ற நாடுகளுக்கு இக்கடப்பாடு இன்னும் இன்றியமையாதது. இறக்குமதியைக் கட்டுப்படுத்த வேண்டிய நெருக்கடிக் காலத்திலும், காவல் உறுப்புகளை ஆடம்பரப் பொருள்களோடு சேர்த்து எண்ணலாகாது. றைஸ் குக்கர் இன்றி ஒரு நாடு வாழலாம்; உருகி இல்லாத றைஸ் குக்கர்களோடு வாழலாகாது.

தமிழில் ‘திருத்தம்’ என்ற சொல் கருவிக்கும் உரியது, கட்டுரைக்கும் உரியது, மனிதரின் ஒழுக்கத்துக்கும் உரியது. இம்மூன்றிடத்தும் அதன் பொருள் பிழையை நீக்குதலேயன்றிப் பிழையை மறைத்தலன்று. வசதி குறைந்த காலத்தில் வாழ்வோர் எல்லா உறுப்புகளையும் உரியவாறு பெற்றுவிட முடியாது. கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கவே வேண்டும். அவ்வாறு சமாளிக்கையில் அழகை விடலாம், வசதியை விடலாம், வேகத்தையும் விடலாம். தன்னைத் தவிர வேறெவருக்காகவோ அங்கே பொருத்தப்பட்டிருக்கும் அச்சிறு உறுப்பை மாத்திரம் விடுதற்கு எவருக்கும் உரிமை இல்லை.